மகளை இடுப்பிலிருந்து இறக்கிய வெங்காயம்

என் மூத்த மகளுக்கு ஒன்றரை வயதாகியும் நடை வரவில்லை. இளம்பிள்ளை வாதமோ என்று பயந்து, வெங்காய அறுவடை முடிந்ததும் வண்டி கட்டித் திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குப் போக இருந்தோம்.

வீட்டில் நாத்தனார்கள் மூவர். மகள் சிணுங்கினாலே யாராவது இடுப்பில் தூக்கிவிடுவார்கள். அறுவடை நாட்களில் எல்லோரும் வெங்காயத் தாள் அறுக்க உட்கார்ந்ததால் அவளைத் தரையில் விட்டோம். முதல் நாள் முழுக்க அழுதாள். மூன்றாம் நாள் தவழ்ந்தாள். பத்தாம் நாள் கூடையைப் பிடித்து எழுந்து, கையை விட்டு மூன்று எட்டு வைத்தாள்.

“மதினி, புள்ள நடக்குது” என்று சின்ன நாத்தனார் தூக்க ஓடினாள்.

“தொடாத தாயி, அவளே வரட்டும்” என்று கத்திவிட்டேன். மகள் காலில் ஒரு குறையும் இல்லை. அதுவரை அது தரையில் படவே நாங்கள்தான் விட்டதில்லை.

இப்போது இளையவனுக்கு எட்டு மாதம். அவனைத் தூக்க யார் வந்தாலும் கையில் வெங்காயக் கூடையைக் கொடுத்துவிடுகிறேன்.