ஆடி மாதத்து நாற்றம்

சுனாமி வந்து போன பிறகு கடலூர்ப் பக்கம் மீனைவிடத் தொண்டு நிறுவனப் பயிற்சியாளர்கள்தான் அதிகம் கிடைத்தார்கள். அவர்களில் நானும் ஒருத்தி. சிதம்பரத்தில் பஸ் பிடித்து, கெமிக்கல் கம்பெனிகளை ஒட்டிய ஒரு கிராமத்துக்கு வாரம் இரண்டு நாள் போவேன். ஊர்க்காரர்கள் தங்கள் காற்றை எப்படிக் காப்பாற்றிக்கொள்வது என்று அவர்களுக்கே பாடம் எடுப்பேன். அந்தத் திமிரை இப்போது நினைத்தால் என்மேலேயே எரிச்சல் வருகிறது.

பாடம் இவ்வளவுதான். என்ன நாற்றம், எத்தனை மணிக்கு என்று ஊர்ப் பெண்களே தினமும் நோட்டில் எழுத வேண்டும். எழுதிச் சேர்த்தால் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி வருவார், கம்பெனிகளைக் கேள்வி கேட்பார் என்று வாய் கூசாமல் சொன்னேன். நோட்டை ஓர் அக்காவிடம் கொடுத்தோம். அவர் மகளைத் தை மாதம்தான் சிதம்பரத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். சித்திரையிலேயே அவள் மாசமாக இருந்தாள்.

"தலப்பிரசவம் எங்க வூட்லதான் பாக்கணும் டீச்சர். அதுக்குள்ள இந்தக் கம்பெனிக்காரன அடக்கிடுவீங்கல்ல?" என்று அக்கா கேட்டார். அடக்கிவிடலாம் என்றேன்.

சித்திரை முழுக்க நோட்டில் 'நாற்றம் இல்லை' என்றே இருந்தது. வைகாசியிலும் ஆனியிலும் அதே கதை. பஸ்ஸை விட்டு இறங்கும்போதே எனக்குக் குமட்டும். ஆனால் என் மூக்கு கணக்கில் சேராது, ஊர்க்காரர்கள்தான் எழுத வேண்டும் என்பது எங்கள் மேலிடத்து விதி. சோம்பேறித்தனம் என்று அக்காவை எல்லோர் முன்னாலும் கடிந்துகொண்டேன். "எனக்கு ஒன்னும் தெரியலியே டீச்சர்" என்றார்.

ஆடியில் நோட்டு நிரம்பி வழிந்தது. அழுகிய முட்டை, நெயில் பாலிஷ், கருகிய பிளாஸ்டிக் என்று நாளுக்கு நாலு வரி. நான் திட்டிய திட்டு வேலை செய்கிறது என்று மெச்சிக்கொண்டேன். ஆவணியில் மறுபடி 'நாற்றம் இல்லை'.

புரட்டாசியில் அதிகாரி வந்தார். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டே நோட்டைப் புரட்டினார்.

"ஆடி மாசம் மட்டும்தான் நாறுமாம்மா? என்ன, கூழ் ஊத்துற திருவிழாவா?"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அக்கா இட்டுக்கட்டி எழுதிவிட்டார் என்று நினைத்து நானும் தலையைக் குனிந்துகொண்டேன். அக்கா குனியவில்லை.

"ஆடியில நாத்தம் வரல சார், எங்க பொண்ணுங்க வந்தாங்க. ஆடிக்கு அழைச்சாந்த பொண்ணுங்க மூக்கப் புடிச்சிக்கிட்டுச் சொன்னத எழுதுனோம். எம்பொண்ணு வாந்தி எடுத்துட்டு மூணா நாளே புருஷன் வூட்டுக்குப் போயிட்டா. எங்க மூக்கு செத்து எத்தினியோ வருஷமாச்சு."

பொத்திய மூக்கோடு அதைக் கேட்டவர், தொடர்ச்சியான ஆதாரம் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆறு மாதம் அங்கே பாடம் நடத்திய எனக்கு, உங்களுக்கு வாசனை தெரிகிறதா என்று ஒரு தடவைகூடக் கேட்கத் தோன்றவில்லை. அந்த அதிகாரிக்கும் எனக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

கார்த்திகையில் மகள் தாய் வீட்டுக்கு வரவில்லை. பிரசவம் பார்க்க அக்காதான் பையைத் தூக்கிக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து நான் கூட்டிப் போனேன். வாசலில் அக்கா நின்றுவிட்டார். புடவைத் தலைப்பை என் பக்கம் நீட்டினார்.

"மோந்து பாருங்க டீச்சர். நாறுதா?"

நாறியது. "இல்லக்கா" என்றேன்.