ஜெ. சுல்தான் கட்டிய வெப்சைட்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்த வெப்சைட்டைத் திறந்தாலும் மேலே என்ன போட்டிருக்கிறார்கள் என்று பார்க்காமல் நேரே அடிக்குப் போய்விடுவேன். கல்யாணப் பத்திரிகை கைக்கு வந்ததும் மாப்பிள்ளை பெயரைப் படிப்பதற்கு முன்னால் பின்பக்கம் திருப்பி எந்த அச்சகம் என்று பார்க்கிறவர்கள் இருக்கிறார்களே, அந்த ரகம் நான். போன வாரம் அப்படித்தான் ஒரு பத்திரிகை வாட்ஸ்அப்பில் வந்தது. தொட்டால் ஒரு தளம் திறக்கிறது, நாதஸ்வரம் வாசிக்கிறது, ரோஜா இதழ் கொட்டுகிறது, மண்டபத்துக்கு வழியும் சொல்கிறது. இதழ்களைத் தள்ளிக்கொண்டு அடிவரை போனேன். யார் செய்தது என்று ஓர் எழுத்துகூட இல்லை. "யாரோ ஒரு பிள்ளை உக்காந்து செஞ்சிருக்கும், பேர் போடக்கூடாதா?" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். என் மகன் நிமிர்ந்து பார்த்து, "அது டெம்ப்ளேட்மா, யாரும் பண்ணல" என்றான். யாரும் பண்ணாமல் ஒரு பொருள் எப்படி வரும்? கேட்டால் சண்டை வரும் என்று விட்டுவிட்டேன். ஆனால் எனக்கு ஜமீலா ஞாபகம் வந்துவிட்டது.

அப்போது மேற்குத் தாம்பரத்தில் ஒரு பொரிகடலைக் கடைக்கு மேலே, வெப்சைட் செய்துகொடுக்கிற எங்கள் ஆபீஸ். ஆபீஸ் என்பது பெரிய வார்த்தை. நாலு கம்ப்யூட்டர், ஒரு யூபிஎஸ், மின்சாரம் போனால் அது போடும் கூப்பாடு, அவ்வளவுதான். கீழே நாளெல்லாம் கடலை வறுபடும். இன்றைக்கும் அந்த வாசனை வந்தால் எழுதிய புரோகிராமில் எங்கோ பிழை இருப்பதாகவே எனக்குத் தோன்றும். ஜமீலாவும் நானும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். அவள் பழைய பல்லாவரத்திலிருந்து வருவாள், நான் ஊரப்பாக்கத்திலிருந்து. இரண்டு திசையிலிருந்து ரயில் பிடித்து வந்து ஒரே படியில் மூச்சு வாங்குவோம். அவள் உட்கார்ந்ததும் வேலையை ஆரம்பிப்பாள். நான் உட்கார்ந்ததும் டீ வந்ததா என்று கேட்பேன்.

நாங்கள் தளம் கட்டியது ஒரு ஃப்ரேம்வொர்க்கை வைத்து. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், அது இட்லித் தட்டு மாதிரி. குழியெல்லாம் தயாராக இருக்கும், மாவு மட்டும் நம்முடையது. எந்தெந்த ஊரிலோ இருக்கிறவர்கள் ஓய்வு நேரத்தில் உட்கார்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், குறையிருந்தால் திருத்திக்கொள்ளுங்கள் என்று பொதுவில் வைத்திருந்தார்கள். ஊர்ப்பொதுக் கிணறு போல. அந்த ஃப்ரேம்வொர்க்கின் தளத்திலேயே ஒரு பக்கம் இருந்தது. அதை வைத்து யார் யார் என்னென்ன கட்டினார்கள் என்று காட்டுகிற பக்கம். பிரேசிலில் ஒருவர் செய்த சைக்கிள் கடை, போலந்தில் ஒருவர் செய்த நூலகம் என்று ஒவ்வொன்றுக்கும் தபால்தலை அளவில் ஒரு படம் இருக்கும். படத்தின் அடியில் கட்டியவர் பெயர். ஜமீலா மத்தியானம் டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். ரசத்தில் சோறு மிதப்பதுகூடத் தெரியாது.

அதில் தன் பெயரும் வர வேண்டும் என்று அவள் ஏங்கியதற்குக் காரணம் இருந்தது. அப்போதெல்லாம் தளத்தின் அடியில் செய்தவர் பெயரைப் பொடி எழுத்தில் போட்டுக்கொள்வது வழக்கம். ஊரப்பாக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்காரருக்கு ஜமீலா ஒருத்தியாகவே தளம் செய்தாள். எந்தத் தேதி காலி என்று வீட்டிலிருந்தே பார்த்துப் பதிவு செய்துகொள்ளலாம். முகூர்த்த நாளெல்லாம் மஞ்சளில் மின்னும். அதற்காக என் அம்மாவுக்கு போன் போட்டு, "ஆன்ட்டி, கரிநாள்னா என்ன ஆன்ட்டி?" என்று பாடம் கேட்டவள் அவள். என் அம்மாவுக்கே பாதி தெரியாமல் பக்கத்து வீட்டில் விசாரித்துச் சொன்னாள். எல்லாம் முடித்துக் காட்டினால் மண்டபத்துக்காரர் அடியில் இருந்த பெயரைப் பார்த்து முகம் சுளித்தார். "என் மண்டபத்தக் கட்டுன கொத்தனார் பேரயா வாசல்ல எழுதி வெச்சிருக்கேன்? தூக்கும்மா அத" என்றார். தூக்கினாள். அன்றைக்கு டிபன் பாக்ஸைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப் போனாள்.

மறுநாள் அந்தத் தளத்தை ஃப்ரேம்வொர்க்கின் அந்தக் காட்சிப் பக்கத்துக்கு அனுப்பிவிட்டாள். பெயர் நிற்க அவளுக்கு இருந்த இடம் அது ஒன்றுதான். கொஞ்ச நாளில் பதில் வந்தது. தளம் அழகாக இருக்கிறதாம். ஆனால் ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை எந்த நாளிலும் பதிவு செய்ய முடியவில்லையாம். பிழையைத் திருத்தி அனுப்புங்கள் என்று, அந்தப் பக்கத்தைச் சம்பளமில்லாமல் பார்த்துக்கொள்கிற ஒரு தொண்டர் பணிவாக எழுதியிருந்தார். நாங்கள் சிரித்த சிரிப்பில் கடலைக்காரர் கீழேயிருந்து எட்டிப் பார்த்தார். ஆடி மாதத்தை வெள்ளைக்காரருக்கு எப்படி விளக்குவது? ஜமீலா பக்கம் பக்கமாக எழுதினாள். அந்த மாதத்தில் யாரும் கல்யாணம் வைக்கமாட்டார்கள், மண்டபத்துக்கு வெள்ளையடிப்பார்கள் என்றெல்லாம். எங்கள் தொழிலில் மாட்டிக்கொண்டால் சொல்கிற சமாளிப்பு ஒன்று உண்டு: "இது பிழை இல்லை சார், வசதி." அந்த வசனத்தை நாங்கள் மனசாட்சியோடு சொன்ன ஒரே சந்தர்ப்பம் அதுதான்.

ஒருவழியாகத் தளம் அந்தப் பக்கத்தில் ஏறியது. மஞ்சள் புள்ளி வைத்த நாட்காட்டி தபால்தலையாக நின்றது. ஜமீலா என் தோளைப் பிடித்து உலுக்கி, "ஏய், என் பேர் எங்கடி?" என்றாள். படத்துக்கு அடியில் இருந்த பெயர் 'ஜெ. சுல்தான்'.

நடந்தது இதுதான். பெயர் கேட்ட இடத்தில் இரண்டு கட்டம் இருந்திருக்கிறது, முதல் பெயர், கடைசிப் பெயர் என்று. நமக்கேது கடைசிப் பெயர்? அவள் பள்ளிக்கூடத்திலிருந்து எஸ். ஜமீலா. எஸ் என்பது அவள் அத்தா, அதாவது அப்பா, சுல்தான். ஒரு கட்டத்தில் ஜமீலா, இன்னொன்றில் சுல்தான் என்று நிரப்பியிருக்கிறாள். அந்த ஊர் வழக்கப்படி அவளைச் சுருக்கி ஜெ ஆக்கி, அத்தாவை முழுசாகப் போட்டுவிட்டார்கள். இதில் கூத்து என்னவென்றால், அவள் தாத்தா பெயர் ஜலாலுதீன். ஆக, அவள் அத்தாவின் பெயரே ஜெ. சுல்தான்தான். நான் சிரித்தேன், அவள் சிரிக்கவில்லை. உடனே திருத்தச் சொல்லி மெயில் எழுத ஆரம்பித்தாள்.

அவள் எழுதி முடிப்பதற்குள் அவள் அத்தாவே படியேறி வந்துவிட்டார். குரோம்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தோல் வெட்டுகிற வேலை பார்த்தவர். எங்கள் ஆபீசுக்கு அதுவரை வந்ததில்லை. கையில் சமோசா பொட்டலம், முகமெல்லாம் பல்.

"இன்னாம்மா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம எம் பேரப் போட்டுக்கீற! நீ எப்பவும் சொல்ற அந்தப் பக்கத்த நம்ம தெரு பிரவுசிங் சென்டர் பையன் பெருசாக்கிக் காமிச்சான். ரேஷன் கார்டுல கீற மாரியே கீது!" என்றார்.

ஜமீலா என்னைப் பார்த்தாள். நான் சமோசாவைப் பார்த்தேன். மகள் ஆசையாகச் செய்தது என்று நம்பி வந்த மனிதரிடம் என்ன சொல்ல முடியும்? "பாத்துட்டியா அத்தா" என்று மட்டும் சொன்னாள். அவர் போனதும் எழுதிய மெயிலை அழித்துவிட்டாள். "இருந்துட்டுப் போவட்டும் விடுடி. யார்கிட்ட சொல்லி அழறது" என்றாள். அதற்கப்புறம் மத்தியானத்தில் அந்தப் பக்கத்தை அவள் திறக்கவில்லை. சோற்றைப் பார்த்துச் சாப்பிட்டாள். எனக்கு அதைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருந்தது. சுல்தானோ தன் பெயர் வந்ததை டீக்கடை, பள்ளிவாசல், பார்பர் ஷாப் என்று ஓர் இடம் விடாமல் சொல்லி வைத்திருந்தார்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். சுல்தான் எனக்கு நாற்காலி போட்டுவிட்டு, தான் கட்டிலில் உட்கார்ந்தார். ஏதோ யோசனையாகவே இருந்தார்.

"ஏம்மா ஜமீலா, உம் பேரு எந்தப் பக்கத்துல கீது? நானும் மேலயும் கீழயும் தேடிப் பாத்துட்டேன். அந்தப் பையனையும் தேடச் சொன்னேன். அவனுக்கு பேஜாராப் பூட்ச்சு. எங்கயும் இல்லன்றான்" என்றார்.

ஜமீலா துடைத்த டம்ளரையே மறுபடி துடைத்தாள். அவர் விடவில்லை, என்னைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் அவளே அந்த இரண்டு கட்டத்தின் கதையைச் சொன்னாள். சொல்லிவிட்டு, "பரவால்ல அத்தா. உன் பேர்னா என்ன, என் பேர்னா என்ன" என்றாள்.

அவர் முகம் விழுந்துவிட்டது. ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது என்கிற வெட்கம் என்று நினைத்தேன். அது இல்லை.

"ஆயுசு பூரா கட்டிங்ல நின்னவன்ம்மா நானு. நான் வெட்ன தோலுல எவன் எவனோ பேர அட்ச்சி கப்பல்ல ஏத்திகினு போனான். ஒரு நாளாவது எனக்கு வலிக்காம இருந்துக்கீதா? அதயே நான் உனக்குப் பண்ணுவனா? இன்னிக்கே எழுது. மாத்தச் சொல்லு" என்றார்.

"எல்லார்கிட்டயும் சொல்லிட்டியே அத்தா" என்றாள் ஜமீலா.

"சொன்ன வாய் இதானே. போய் மாத்திச் சொல்லிக்கிறேன்."

அப்போதே மூன்று பேரும் அந்த பிரவுசிங் சென்டருக்குப் போனோம். ஜமீலா தட்டினாள், அவர் பின்னால் நின்று, "கரீட்டா எழுதுறியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஆடி மாதம் பற்றிக் கேட்ட அதே தொண்டர்தான் பதில் போட்டார், மன்னிப்போடு. பெயர் 'எஸ். ஜமீலா' என்று மாறியது. சுல்தான் மறுபடி கடை கடையாகப் போய், "அது என் பொண்ணுப்பா செஞ்சுது, நான் இல்ல" என்று சொல்லிவிட்டு வந்தார். திரையில் இருந்த எஸ் மேல் விரலை வைத்து, "இதுல நான் கீறேன் பாரு, இது போதும்" என்று என்னிடம் சொன்னார். ஜமீலா அழுதாள். நானும்தான்.

அந்த மண்டபம் இப்போது இல்லை, அந்த இடத்தில் ஃபிளாட் நிற்கிறது. அந்தத் தளத்தின் முகவரியை யாரோ வாங்கிச் சீட்டாட்டம் நடத்துகிறார்கள். பிரவுசிங் சென்டர் என்றால் என்ன என்று என் மகன் கேட்கிறான். ஃப்ரேம்வொர்க் புதுசு புதுசாக மாறி, ஒரு மாற்றத்தில் அந்தக் காட்சிப் பக்கத்தையே எடுத்துவிட்டார்கள். பிரேசில் சைக்கிள் கடையும் போலந்து நூலகமும் அதோடு போயின.

ரோஜா இதழ் பத்திரிகை வந்த அன்றைக்கு ஜமீலாவுக்கு போன் செய்தேன். பெங்களூரில் இருக்கிறாள், அவளுக்குக் கீழே ஒரு கூட்டமே வேலை செய்கிறது. "அந்தப் பக்கத்தத் தேடுனேன்டி, இல்ல" என்றேன்.

"அத்தா மௌத்தாகி அடக்கம் முடிஞ்ச ராத்திரி நானும் தேடுனேன்" என்றாள். "பேர் போனா போவட்டும்டி. அது எங்க கீதுன்னு தேடித் தேடிப் பாத்த ஆளு இல்லையே."