பூநாரை பார்க்கப் போன நாள்

என்னைப் படகில் ஏற்றியது வேறு எதற்கும் இல்லை, சிரிப்பதற்குத்தான். அப்போது எனக்கு ஏழு வயது.

எங்கள் கொழும்புத்துறைக்கு வெள்ளைக்காரர் ஊர் பார்க்க வரத் தொடங்கியிருந்த காலம் அது. அப்பா இறால் வலைகளையெல்லாம் விற்றுவிட்டு, படகுக்கு மஞ்சள் நிறம் பூசி, பூநாரை காட்டக் கூட்டிப் போவதாகப் பலகை எழுதி நட்டிருந்தார். அந்த வருசம் வாடைக்காற்று ஓயவேயில்லை. வந்தவர்கள் தண்ணீரைப் பார்ப்பார்கள், அப்படியே திரும்பிவிடுவார்கள். இன்னும் ஒரு கிழமை இப்படிப் போனால் படகும் போய்விடும் என்று அம்மாவிடம் அவர் சொன்னது எனக்கும் கேட்டது.

அன்றைக்கு எட்டுப் பேர் வந்து கரையில் தயங்கி நின்றார்கள். அப்பா ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்தார்.

“பிள்ளையை ஏன் கொண்டு போறியள்? காத்தைப் பாருங்கோ!” என்று அம்மா கத்தினார்.

“உவள் ஏறினாத்தான் அவையள் ஏறுவினம்.”

அப்படியேதான் நடந்தது. என்னைப் பார்த்ததும் எட்டுப் பேரும் ஏறினார்கள். இருந்த எட்டு லைஃப் ஜாக்கெட்டும் அவர்களுக்கே சரியாகப் போயிற்று. அப்பா என்னை எஞ்சினுக்கு முன்னால், தன் முழங்காலோடு ஒட்டி இருத்தி, இடுப்பைச் சுற்றி ஒரு கயிற்றை இறுக்கிக் கட்டினார்.

“சிரிச்சுக்கொண்டிரு. நீ அழுதா இனி ஒருத்தரும் வராயினம்.”

ஆட்டைக் கட்டுவதுபோலப் படகோடு கட்டுகிறாரே என்று எனக்கு ஒரே கோபம்.

கரை மறையும் தூரத்தில் எஞ்சின் நின்றுபோனது. ஐயோ, அதற்குப் பிறகு பட்ட பாடு! படகு பக்கவாட்டில் சரியச் சரிய, தண்ணீர் மடியில் வந்து கொட்டியது. என் சட்டையை நனைத்தது கடல் மட்டும் இல்லை. ஒரு வெள்ளைக்காரப் பெண் அலறத் தொடங்கி, திரும்பி என்னைப் பார்த்தாள். நான் விழுந்த பல்லின் ஓட்டை தெரிய, வாய் முழுக்கச் சிரித்தேன். அவள் அடங்கிவிட்டாள். கைபேசியை எடுத்துப் படம்கூடப் பிடித்தாள். எனக்குப் பின்னால் அப்பா எஞ்சினை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பயமே கிடையாது என்று நினைத்தேன். அந்த நினைப்பில்தான் அழாமல் இருந்தேன்.

ஒருவழியாக எஞ்சின் பிடித்தது. பூநாரை ஒன்றையும் பார்க்காமலே கரைக்கு வந்தோம்.

அந்தப் படம் எங்கெங்கோ சுற்றியது. அடுத்த வருசம் அதைக் காட்டியபடியே ஆட்கள் வந்து இறங்கினார்கள். அப்பா முதல் வேலையாகச் சின்ன அளவில் ஒரு ஜாக்கெட் வாங்கினார். ஆனால் அவர் அச்சடித்துக் கொண்டுவந்த அந்தப் படத்தைச் சுவரில் மாட்ட அம்மா கடைசிவரை விடவில்லை. என் பல் ஓட்டைக்காகத்தான் என்று கனகாலம் நம்பியிருந்தேன்.

போன மாதம் அலுமாரிக்குள் அது அகப்பட்டது. என் இடுப்பிலிருந்து பின்னால் போகும் கயிற்றை அன்றுதான் கவனித்துப் பார்த்தேன். அது படகில் கட்டியிருக்கவில்லை. அப்பா அதன் மறு நுனியைத் தன் இடுப்பில் கட்டியிருந்தார்.