வில்லி என்று நான் வைத்த பேர்

ரங்கூன் பஸ்ஸில் நின்றபடி போனில் படித்தபோதுதான் தோன்றியது: இதை இன்றைக்கே டீக்கடையில் சொல்லிவிட வேண்டும். ஆஸ்திரேலியாவில் வீட்டு முற்றத்திலேயே திரியும் ஒரு கறுப்பு வெள்ளைக் குருவி, வில்லி வாக்டெயில். அது வாலை ஆட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தால் அங்குள்ள பழங்குடியினர் சிலர் பேச்சை நிறுத்திவிடுவார்களாம். ரகசியத்தை ஒட்டுக்கேட்டுக் கொண்டுபோய்விடும் என்று. பாதிக் கட்டுரைதான் படித்திருந்தேன். அதற்குள் நான் இறங்க வேண்டிய தாமுவே நிறுத்தம் வந்துவிட்டது. எனக்கு எப்போதும் பாதி போதும்.

கடையில் நண்பர்கள் மூன்று பேர். நான் சொல்லி முடிக்கவும், எங்கள் தெருப் பெரியவர் வழக்கம்போல ஸ்டூலை இழுத்துக்கொண்டு வரவும் சரியாக இருந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற குமாஸ்தா, தனி ஆள். யார் பேசினாலும் தலையை நீட்டிக் கேட்பார்.

“டேய், வாயை மூடு. வில்லி வந்தாச்சு!” நான்தான் சொன்னேன்.

“சீரியல் வில்லியா? பெரிய பொட்டு எங்கடா?” என்றான் ஒருவன். விழுந்து விழுந்து சிரித்தோம். பெரியவரும் கூடச் சிரித்தார்.

ஒரே வாரத்தில் கடை முழுக்க அதுதான் பேர். அடுத்த மேசைப் பர்மாக்காரர், வில்லி என்றால் என்ன என்று கேட்டார். நண்பன் யோசிக்காமல் பர்மியில் ஒரே வார்த்தை சொன்னான்: “தலான்.” ராணுவத்துக்கு ஆள் காட்டிக்கொடுப்பவன். இந்த வருஷங்களில் ரங்கூனில் விளையாட்டுக்குக்கூடச் சொல்லக் கூடாத வார்த்தை. எங்களுக்கா தெரியாது? ஒருவரும் மறுக்கவில்லை. நானும் டீயைக் குடித்துக்கொண்டிருந்தேன். மறுநாளிலிருந்து பெரியவர் வந்து உட்கார்ந்த மேசையெல்லாம் காலியானது.

போன மாதம் அவருடைய தங்கை, ரங்கூனுக்கு வெளியே இருக்கும் மாவ்பியிலிருந்து வந்து அவரைக் கூட்டிப்போனார். மாடியிலிருந்து மூட்டைகளை இறக்க நான் கைகொடுத்தேன்.

“அண்ணனுக்குக் காது மந்தம்ப்பா, கிட்ட வந்தாத்தான் கேக்கும். இப்ப என்னவோ கடையில யாருமே பேசறதில்லன்னு அழுவுது. நீ நல்ல புள்ள, மாமாவை வந்து பாரு.”

அன்றுதான் கட்டுரையின் மீதியைப் படித்தேன். ஒவ்வொரு பழங்குடிக்கும் அந்தக் குருவியின் அர்த்தம் வேறு. சிலருக்கு அது சாவுச் செய்தியைச் சொல்ல வரும் தூதன். அதை யாரும் விரட்டியடிப்பதாக எங்கும் எழுதியிருக்கவில்லை.

நாளைக்குக் கடைக்குப் போய், அந்தப் பேரை வைத்தது நான், அது பொய் என்று பர்மியிலேயே சொல்லப்போகிறேன். என்னைத் தலான் என்றாலும் சரி. ஞாயிற்றுக்கிழமை மாவ்பிக்கு. அவரிடம் மெதுவாகச் சொல்ல வழியில்லை. கத்தித்தான் சொல்ல வேண்டும்.