மோகனின் கார்டுக்குள் நான் வைத்தது

அந்த ஃபோமை வைத்தது நான்தான். சலீம் அல்ல.

மோகனின் கம்ப்யூட்டரில் இருந்த கிராஃபிக்ஸ் கார்டு சூடேறிச் செத்துப்போனதே, அதைக் கொன்றவள் நான். கை தவறி அல்ல... தெரிந்தே, நிதானமாக, அளவு பார்த்து வெட்டி வைத்தேன்! ஆம்பூரிலும் பேர்ணாம்பட்டிலும் இன்றுவரை சலீமைத்தான் மோசடிக்காரன் என்கிறார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

எங்கள் சபையில் பாவ அறிக்கை கேட்கும் கூண்டு கிடையாது. அதனால் உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் என்னை மன்னிக்க வேண்டாம். முகம் சுளிப்பதானால் தாராளமாகச் சுளியுங்கள். ஆனால் முழுவதையும் கேட்டுவிட்டுச் சுளியுங்கள்.

முதலில் மோகன் யார் என்று சொல்லிவிடுகிறேன்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் டிசைன் அறையில் நான் வேலை பார்த்தேன். அந்த அறைக்கு அவன் தலைவன். வெளிநாட்டு ஆர்டர் ஒன்றுக்காக நாங்கள் வரைந்த மாடல், நாங்கள் சாம்பிள் அனுப்பும் முன்பே போட்டிக் கம்பெனியின் மேசையில் இருந்தது. விசாரணை என்று வந்ததும் மோகனின் விரல் என் பக்கம் நீண்டது. "எஸ்தரு பையில வெச்சி எட்த்துனு போனத நான்தான் சார் பாத்தேன்" என்றான். கண்கூட இமைக்கவில்லை!

ஷிஃப்ட் விடும் நேரத்தில் கேட்டில் வைத்து என் பையைக் கவிழ்த்துக் கொட்டினார்கள். டிபன் டப்பா, குடை, தலைவலித் தைலம்... வேறொன்றும் விழவில்லை. விழாவிட்டால் என்ன? வெளியே போன அத்தனை பேரும் நின்று பார்த்தார்களே! குனிந்து அந்தச் சாமான்களைப் பொறுக்கியபோது என் காதெல்லாம் எரிந்தது. டப்பாவின் மூடி உருண்டு போய் ஒருத்தியின் காலடியில் நின்றது. என்னோடு ஒரே பஸ்ஸில் வருகிறவள் அவள். எடுத்துக் கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு ராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடிவரை ஒரு டிசைன் அறையும் என்னை உள்ளே விடவில்லை. தோல் தொழிலில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். கொஞ்ச நாளில் மோகன் அந்தப் போட்டிக் கம்பெனியின் ஆர்டர்களை வைத்தே சொந்தமாக டிசைன் ஆபீஸ் திறந்தான். மாடலைக் கொடுத்தது யார் என்று அன்றுதான் எனக்கு விளங்கியது. விளங்கி என்ன செய்ய? யாரிடம் போய்ச் சொல்ல? திருடி என்று பெயர் வாங்கியவள் சொன்னால் யார் கேட்பார்கள்?

வேலூரில் ஹார்டுவேர் வேலை கற்றுக்கொண்டு, ஆம்பூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு சர்வீஸ் கடை போட்டேன். ஷூவைத் திரையில் வரைந்து சுழற்றிக் காட்ட கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும்; இந்தப் பக்கம் டிசைன் செய்கிறவர்கள் முக்கால்வாசிப் பேர் வாங்குவது ரீஃபர்பிஷ்டு கார்டுதான். யாரோ பயன்படுத்தித் தள்ளியதைத் துடைத்து, பழுது பார்த்து, மறுபடி விற்பார்கள். அவற்றுக்கு வருகிற ஒரே வியாதி சூடு. எங்கள் ஊர் வெயிலில் மனிதனுக்கே மண்டை காய்கிறது, கார்டு என்ன செய்யும்! அந்த வியாதியைத் தீர்ப்பதில் நான் கெட்டிக்காரி. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. தீர்க்கத் தெரிந்தவளுக்கு ஏற்றவும் தெரியும் அல்லவா?

ஒரு கோடையில் மோகன் என் கடைப் படியேறி வந்தான். கையில் கம்ப்யூட்டர்.

"இன்னா எஸ்தரு! நம்ம கடையா இது? சொல்லவே இல்ல பாரு!" என்று சிரித்தான்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறான் என்று, பைத்தியக்காரி, ஒரு கணம் நினைத்தேன்...

"கார்டு சூடு ஜாஸ்தி ஆவுது. ஷூ டிசைன ஓட்டுனா ஃபேனு லாரி கணக்கா கத்துது. பேர்ணாம்பட்டுல சலீம்னு ஒர்த்தர்கிட்ட வாங்குனது. கொஞ்சம் பாரேன்."

அவ்வளவுதான்! அவனுக்கு நினைவே இல்லை. என் பையைக் கொட்டிய நாள் அவனுக்கு ஒரு சாதாரண வேலைநாள். ஒளித்து நடித்திருந்தால்கூட நான் பொறுத்திருப்பேன் என்று இப்போது தோன்றுகிறது. அவன் மறந்தே போயிருந்தான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"வெச்சிட்டுப் போங்க சார், பாக்கறேன்" என்றேன். சார்! அந்தச் சொல் என் வாயில் கசந்தது.

அவன் போனதும் கார்டைத் திறந்தேன். ஃபேன் முழுவதும் தோல் தூள். அவனுடைய ஆபீசில் பக்கத்திலேயே சாம்பிள் ஷூவும் செய்கிறார்கள். தோலைத் தேய்க்கும் தூள் பறந்து வந்து உள்ளே அடைத்திருந்தது. சூட்டுக்குக் காரணம் அது மட்டும்தான். சலீம் என்ற அந்த முகம் தெரியாத ஆள் செய்திருந்த வேலையில் ஒரு குறையும் இல்லை. நடுவிலிருக்கும் பெரிய சிப்பைச் சுற்றி வரிசையாகச் சின்ன மெமரி சிப்கள் இருக்கும். ஒவ்வொன்றின் மேலும் சாம்பல் நிறப் பேடு ஒட்டுவோம். மெத்தென்று இருக்கும், சிப்பின் சூட்டை வாங்கி மேலே இருக்கும் அலுமினியத்துக்குக் கொடுத்துவிடும். சலீம் அந்தப் பேடுகளை ஓரம் பிசகாமல் வெட்டி, சிப்புக்குச் சிப்பு சரியாகப் பொருத்தியிருந்தான். 'யாரோ நல்ல வேலைக்காரன்' என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன்.

பிறகு அவற்றை ஒவ்வொன்றாக உரித்துக் குப்பைக் கூடையில் போட்டேன்.

எங்கள் ஊரில் எதைப் பொட்டலம் கட்டினாலும் உள்ளே வைப்பது ஷூ ஃபோம் துண்டுதான். குதிகாலுக்கு அடியில் மெத்தையாக வைக்கிறார்களே, அந்த ஃபோம். என் மேசை இழுப்பறை நிறைய அது கிடக்கும். அதே சாம்பல் நிறம், அதே மெத்து. பேடு பக்கத்தில் வைத்தால் கைதேர்ந்தவனே தடுமாறுவான். ஒரே வித்தியாசம், ஃபோம் சூட்டை வாங்கிக் கடத்தாது. காய்ச்சல்காரனுக்குக் கம்பளி போர்த்தியது போல, சிப்பின் சூட்டைச் சிப்பிலேயே அமுக்கிவிடும்.

வெட்டினேன். வைத்தேன். மூடினேன்.

அதோடு விட்டேனா என்று கேட்கிறீர்களா? இல்லை. கார்டைச் சுத்தமாகத் தூசி தட்டி, பெரிய சிப்புக்குப் புதிதாகச் சூடு கடத்தும் பேஸ்டும் போட்டேன். அந்த வகைக் கார்டில் திரையில் தெரிவது பெரிய சிப்பின் சூடு மட்டும்தான். சின்னவை வெந்தாலும் வெளியே தெரியாது. மோகன் வந்தான், ஓட்டிப் பார்த்தான். சூடு கிடுகிடுவென்று குறைந்திருந்தது. ஃபேன் சத்தமே இல்லை.

"எஸ்தரு கை பட்டா சும்மாவா!" என்றான்.

நானும் சிரித்தேன். எத்தனை இனிப்பான சிரிப்பு அது!

மழைக்காலம் பிறக்கும் சமயத்தில் அந்தக் கார்டு செத்தது. வெளிநாட்டு ஆர்டர்காரர் ஆபீசுக்கே வந்து உட்கார்ந்திருக்க, மோகன் ஷூவைத் திருப்பித் திருப்பித் திரையில் காட்டிக்கொண்டிருந்தானாம். முதலில் ஷூ மேல் கலர் கலராகக் கட்டம் விழுந்ததாம். பிறகு எல்லாமே கறுப்பு. வந்தவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார், அந்த ஆர்டர் வேறு இடத்துக்குப் போய்விட்டது. செய்தி கிடைத்த மதியம் நான் பிரியாணி வாங்கி வந்து, கத்தரிக்காய்த் தொக்கை ஊற்றிப் பிசைந்து, விரலைக்கூட விடாமல் நக்கித் தின்றேன். அவ்வளவு ருசியாக அதற்கு முன்னும் சாப்பிட்டதில்லை, பின்னும் இல்லை. இதையும் சொல்லாவிட்டால் இது வாக்குமூலம் ஆகாது.

இதோடு முடிந்திருந்தால் உங்களிடம் வந்திருக்கவே மாட்டேன். மோகனுக்காக எனக்கு ஒரு துளி வருத்தம் கிடையாது. இன்றும் கிடையாது!

ஆனால் அவன் செத்த கார்டை வேலூரில் ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்துத் திறந்தான். உள்ளே இருந்ததைப் பார்த்ததும் தெரிந்துகொண்டான். ஷூக்காரன் அல்லவா, ஃபோமை அவனுக்குத் தெரியாதா? நேராக என் கடைக்கு வந்து அந்தத் துண்டுகளை மேசையில் போட்டான். அவை ஓரமெல்லாம் கருகியிருந்தன.

"நீ தெறந்தப்ப இது உள்ள இருந்துச்சா எஸ்தரு?"

மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன். அவன் முகத்தைப் பார்த்தேன்... என்மேல் சந்தேகம் என்பதே அதில் இல்லை! அவன் கேட்டது ஒரு சாட்சியை.

"இருந்துச்சு சார். நான்தான் பாத்தேனே. பேடுன்னு நெனச்சி விட்டுட்டேன், தூசி மட்டும்தான் தட்டுனேன்."

நான்தான் பாத்தேன்! அவன் என்னைப் பற்றிச் சொன்ன அதே வார்த்தை! யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம், ஞாபகமில்லை என்று சொல்லியிருக்கலாம். ஏன் அப்படி வந்து விழுந்தது? பயமா? அல்லது அந்த வார்த்தை இத்தனை காலம் உள்ளேயே கிடந்து, வெளியே வர ஆள் தேடிக்கொண்டிருந்ததா?

மோகன் சும்மா இருப்பானா? தோல் தொழில்காரர்களின் வாட்ஸப் குரூப் ஒன்று பாக்கியில்லாமல் ஃபோம் படத்தையும் சலீம் கடைப் பெயரையும் போட்டான். கார்டு வாங்கியவர்கள் எல்லோரும் திருப்பிக் கொடுக்கப் பேர்ணாம்பட்டுக்குப் படையெடுத்தார்கள். கடையின் முன்னால் நின்று, தெரு பார்க்கச் சத்தம் போட்டார்களாம். கேட்டில் நின்று பொறுக்கியவளுக்கு அது எப்படியிருக்கும் என்று தெரியாதா? தெரியும். தெரிந்தும் கடையைத் திறந்தேன், மூடினேன், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனேன். ஜெபத்தில் 'பிறரை மன்னிக்கிறோம், எங்களையும் மன்னியும்' என்று சொல்லும் இடம் வரும்போது நான் எப்போதும் வாயை மட்டும்தான் அசைப்பேன். அதற்குப் பிறகு அதையும் நிறுத்திக்கொண்டேன்.

ஒருநாள் சலீமே வந்தான். முப்பது வயதுக்குள்தான் இருக்கும், ஒல்லியான ஆள். சண்டைக்கு வந்திருக்கிறான் என்று எண்ணி நான் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைக்கவில்லை. அவனோ நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான்.

"அக்கா, மோகன் சார் சொன்னாரு. நீங்க கண்ணால பாத்தீங்களாமே... நெஜமாவா?"

வாய்ப்பு அது. அத்தனையும் அங்கேயே முடிந்திருக்கும். ஒரே வரி! ஆனால் சொன்னால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்த்தேன். மோகன் ஊரைக் கூட்டி, 'அப்பவே சொன்னேனே, அவ திருடிதான்' என்பான். கேட்டில் பொய்யாக இருந்த பேச்சு அன்றோடு உண்மையாகிவிடும். அவன் ஜெயிப்பான். எல்லாம் செய்துவிட்டு அவனே ஜெயிப்பான்!

"பாத்தேன்" என்றேன்.

அவன் திட்டுவான் என்று காத்திருந்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அப்ப நான்தான் வெச்சிருக்கணும்க்கா. எங்கம்மா வூட்ல ஷூவுக்கு மேல்தோலு தெச்சினு இருந்தாங்க. ஃபோமு, தோலு எல்லாம் என் டேபிள் வரைக்கும் கெடக்கும். பேடுன்னு நெனச்சி அதையே வெட்டி வெச்சிட்டேன் போல. அம்மாவ வேற ரொம்பத் திட்டிட்டேன், தோல எல்லாம் ஏன் இங்க போடறீங்கன்னு. அவங்க இப்ப தைக்கிறதையே வுட்டுட்டாங்க."

கேட்டீர்களா? என் குற்றத்தை என் எதிரிலேயே உட்கார்ந்து அவன் ஒப்புக்கொண்டான்! நான் கேட்டுக்கொண்டிருந்தேன். 'தப்பு நடக்கறதுதான்' என்றுகூட ஆறுதல் சொன்னேன். சீ!

கடையை மூடிவிட்டதாகவும் ஏதாவது வேலை இருந்தால் சொல்லும்படியும் கேட்டான். சேர்த்துக்கொண்டேன். பரிகாரம் என்று நினைத்தேன். தண்டனையாக வந்து எதிர் மேசையில் உட்கார்ந்துவிட்டான். ஒவ்வொரு கார்டையும் மூடும் முன்னால் என்னைக் கூப்பிடுவான். "அக்கா, ஒரு தபா பாத்துருங்க. பேடுதானே இது?" பேடு என்று அவன் கைக்குத் தெரியும். அந்தக் கையை அவன் நம்புவதில்லை. நான் விரலால் அழுத்திப் பார்த்து "பேடுதான் சலீம்" என்பேன். அதற்குப் பிறகுதான் அவனுக்கு மூச்சு வரும். இது நாள் தவறாமல் நடக்கிறது.

இன்று காலை போன் வந்தது. மோகன். புதிதாக வாங்கிய கார்டும் சூடாகிறதாம், நாளைக்கு எடுத்து வருகிறானாம். "உன்ன வுட்டா யாரு எனக்கு!" என்றான். சலீம் என்னிடம் இருப்பது அவனுக்குத் தெரியாது.

சலீமிடம் சொன்னேன். முதலில் அவன் முகம் வெளுத்தது. பிறகு மெல்ல ஒரு களை வந்தது.

"நானே செய்றேன்க்கா. நல்லா செஞ்சி, சலீம்தான் செஞ்சான்னு நீங்க அவராண்ட சொல்லுங்க. எம் பேரு கொஞ்சம் தேறும். நீங்க பக்கத்துல நின்னா போதும்."

சரி என்றேன். அவன் சந்தோஷமாக டீ குடிக்கப் போனான்.

நான் இழுப்பறையைத் திறந்தேன். அன்றைக்கு வெட்டியதில் மீந்த ஃபோம் அடியில் அப்படியே கிடக்கிறது. எத்தனையோ முறை எறியப் போயிருக்கிறேன், எறியவில்லை. கையில் எடுத்துப் பிரித்து அளவு பார்த்தேன்... இன்னும் ஒரு கார்டுக்குப் போதும்.