படுகளத்தில் நான் படுத்த இடம்

சிரிப்பதாக இருந்தால் இப்போதே சிரித்துவிடுங்கள், நடுவில் சிரித்தால் எனக்குக் கோபம் வரும். பேய், பிசாசு, சாமி வருவது என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போகிற ஆள் நான். பினாங்கில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே சுடுகாடு, அங்கேதான் பந்து விளையாடி வளர்ந்தேன். அப்படிப்பட்டவன் சொல்கிறேன், கேளுங்கள்.

அறுபதுகளில், நாடகம் படிக்கக் கப்பலேறி மெட்ராஸ் வந்தேன். பாடம் படித்ததைவிட ஊர் சுற்றியதும் சபா சபாவாக ஏறி நாடகம் பார்த்ததும்தான் அதிகம். எனக்கு எந்த வேஷமும் வரும், பிணம் மட்டும் வராது. மேடையில் செத்துக் கிடந்தால் வயிறு ஏறி இறங்கும், இமை துடிக்கும், ஒருமுறை தும்மியே விட்டேன். ஆண்டு விழா நாடகத்தில் எனக்குக் கிடைத்ததோ, முதல் காட்சியிலேயே கொலையாகிக் கடைசிவரை நடுக்கூடத்தில் கிடக்கிற ஜமீன்தார் வேஷம். "லீவு முடிஞ்சு வரும்போது ஒழுங்காச் சாகக் கத்துக்கிட்டு வா, இல்லாட்டி வேஷம் வேற ஆளுக்கு" என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். அந்த வேஷத்துக்காக நான் என்ன வேண்டுமானாலும் செய்திருப்பேன், அவ்வளவு வெறி.

அந்த லீவுக்குத்தான் கூடப் படித்த அந்தோணி, செஞ்சிக்குப் பக்கத்தில் இருந்த தன் ஊருக்கு என்னைக் கூட்டிப்போனான். ராஜகிரிக் கோட்டை ஏறி மூச்சு வாங்கினோம், பனமலை ஏரியில் குளித்தோம், அடுத்த ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் கூத்தும் பார்த்தோம். திருவிழாவின் கடைசி நாள் காலையில் படுகளம். மண்ணால் துரியோதனனைப் பெரிய உருவமாகத் தரையில் படுக்கவைத்து, பீமன் வேஷக்காரர் அவன் தொடையைப் பிளக்கிற நாள். அதற்குப் பக்கத்திலேயே, நேர்ந்துகொண்ட ஆண்கள் போரில் செத்தவர்களாக வரிசையாகப் படுப்பார்கள், மேலே வெள்ளைத் துணி போர்த்துவார்கள். எல்லாம் முடிந்ததும் பூசாரி அம்மன் சாட்டையோடு வந்து மஞ்சள் தண்ணீர் தெளித்து ஒவ்வொருவராக எழுப்புவார். அதுவரை ஒருவன் விரல்கூட அசையாது என்றான் அந்தோணி.

எனக்கு வேறென்ன வேண்டும்? நேரே பூசாரியிடம் போய் நானும் படுக்கிறேன் என்றேன்.

"வெரதம் இருந்தியா தம்பி?"

இல்லை என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சரி, வெளியூரு புள்ள, ஆசப்படற. படுத்துக்க. ஆனா அம்மா தண்ணி மேல படாம எழுந்துடக் கூடாது. இன்னா ஆனாலும் சரி."

அந்தோணி என் கையைப் பிடித்து இழுத்தான். "டேய், வேணான்டா. நாங்க வேதக்காரங்க, எங்களுக்கே பயமா இருக்குது. நீ இன்னாடா இப்டி?"

கையை உதறிவிட்டு வரிசையின் கடைசியில் படுத்தேன். என் இடது பக்கம் வெறும் தரை. துணி மேலே விழுந்தது. சித்திரை வெயில், பம்பைச் சத்தம், கீழே மண்ணின் சூடு, என் வயிறோ வழக்கம்போல ஏறி இறங்குகிறது. அப்போது, நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம், யாருமே இல்லாத அந்த இடது பக்கத்திலிருந்து ஒரு கை வந்து என் வயிற்றின் மேல் படிந்தது. அந்த வெயிலில் ஈரச் சாக்கு போலச் சில்லென்று இருந்தது. காதோரம் ஒரு குரல், கோபமே இல்லாமல், "நீ போ. நான் படுத்துக்கறேன்" என்றது.

உருண்டு வெளியே வந்து, திரும்பிப் பார்க்காமல் ஓடி அந்தோணியின் பக்கத்தில் நின்றேன். கூட்டம் முழுக்கத் துரியோதனனைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தோணி என்னைப் பார்த்தான், வரிசையைப் பார்த்தான், மறுபடி என்னைப் பார்த்தான். சிலுவை போட்டுக்கொண்டான்.

"அப்ப அது யார்ரா?"

என் துணிக்குள் ஆள் கிடந்தது. தலை, மார்பு, நிமிர்ந்து நிற்கிற கால் விரல்கள், எல்லாம் துணிமேல் எடுப்பாகத் தெரிந்தன. வயிறு மட்டும் அசையவே இல்லை. எங்கள் ஆசிரியர் கேட்ட பிணம் அதுதான்.

பூசாரி வந்தார். தண்ணீர் பட்டதும் ஒவ்வொருவனாகத் திடுக்கிட்டு எழுந்தான். கடைசித் துணிக்கு வந்து தெளித்தார். அசைவில்லை. மிச்சத் தண்ணீரையும் ஊற்றிச் சாட்டையால் தொட்டார். துணி மெல்ல மெல்ல அமுங்கித் தரையோடு தரையாகிவிட்டது. பம்பை நின்றது. அவர் கூட்டத்துக்குள் தேடி என்னைக் கண்டுபிடித்தார். திட்டவில்லை. அவர் முகத்தில் இருந்தது பரிதாபம், அதுதான் எனக்கு உயிரே போகிற பயத்தைக் கொடுத்தது.

"எம் மேல கொஞ்சம் தெளிங்க சாமி" என்று கெஞ்சினேன்.

சொம்பைக் கவிழ்த்துக் காட்டினார். "ஒனக்கு உண்டானத ஊத்தியாச்சி தம்பி. வாங்கிக்கினது நீ இல்ல."

ஆண்டு விழாவில் நான்தான் ஜமீன்தார். கடைசிவரை வயிறு அசையவே இல்லை, அரங்கமே கைதட்டியது, ஆசிரியர் கட்டிப்பிடித்துக்கொண்டார். எனக்கு மட்டும் வயிற்றின் மேல் அந்தச் சில்லிப்பு. அதற்குப் பிறகு மேடை ஏறவில்லை. பினாங்கு திரும்பி, வேறு வேலை பார்த்து, கல்யாணமும் செய்துகொண்டேன்.

மனைவியிடம் இதை இன்றுவரை சொன்னதில்லை. ஆனால் கல்யாணமான நாளிலிருந்து காலையில் என் போர்வையை அவள் என்னை மடிக்க விடுவதில்லை. பொண்டாட்டி பாசம் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். போன மாதம் விளையாட்டாகக் காரணம் கேட்டேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் திரும்பாமலே சொன்னாள்:

"நீங்க எழுந்து போனதும் அது உடனே அமுங்காதுங்க. கொஞ்சம் பொறுத்துத்தான் மடிக்கணும்."

பிறகு அவள் கை நின்றது.

"இப்பல்லாம் ரொம்ப நேரம் ஆகுது."