ஒற்றை அன்னமும் கல்யாணப் புடவையும்

படப் புத்தகம் விற்பதைவிடப் பொரிகடலை விற்பது மேல்; அதையாவது ருசி பார்த்தவன் கொஞ்சம் வாங்கிக்கொண்டு போவான். கடை போட்டு நொந்தவர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அறுபதுகளின் கடைசியில், காஞ்சிபுரத்தில் கோயிலுக்குப் போகிற தெருவில் எனக்கு ஒரு சின்னக் கடை. முழுக்கக் குழந்தைகளுக்கான மிருகக் கதைகள். அதில் எனக்கு உயிர், அன்னத்தின் கதை. அதன் ஜோடியை வேடன் சுட்டுவிடுகிறான். கூட்டம் பறந்துபோன பிறகும் இது மட்டும் ஏரியை விட்டு நகரவில்லை. கடைசிப் பக்கத்தில், தண்ணீரில் தெரியும் தன் நிழலோடு அலகு சேர்த்துக் குனிந்திருக்கும். வரைந்தவன் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ஒரே ஒரு பிரதிதான் இருந்தது. கதைக்காக அழுகிற ஆளிடம்தான் அதைக் கொடுப்பது என்று எனக்கு ஒரு வீம்பு.

தாமல்காரர்

பக்கத்துத் தாமல் கிராமத்திலிருந்து கோயிலுக்கு வந்த விவசாயி ஒருவர், மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு புத்தகம் முழுவதையும் நின்றபடியே புரட்டினார். குழந்தை கை நீட்டியது. நான் பையை எடுத்தேன். அவர் புத்தகத்தை மூடி என்னிடமே நீட்டினார்.

"எங்க ஏரிக்கு வருஷா வருஷம் இதைவிட ஜாஸ்தி பறவை வருதுபா. அதுக்கு நாங்க யாருக்குனா காசு குடுக்கிறோமா?"

கதை கேட்டவள்

பிள்ளையார்பாளையத்துப் பொன்னம்மாவுக்குத் தறி வேலை. நெய்கிறவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து புடவைக் கரைக்கான நூல் சுற்றிய நாடாவைத் தள்ளுவாள். புருஷன் இறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எழுத்து தெரியாது, படத்தைக் காட்டி என்னைப் படிக்கச் சொன்னாள். கடைசிப் பக்கம் வந்ததும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சும்மாவே எடுத்துப் போகச் சொன்னேன், கேட்கவில்லை.

"இனாமா வேணாண்ணா. பொங்கலுக்கு வந்து வாங்கிக்கிறேன். அதுவரைக்கும் யாருக்கும் குடுத்துடாதீங்க."

டிசைன் மாஸ்டர்

புடவைக்கு டிசைன் போடுகிறவர்கள் எந்தப் படத்தைப் பார்த்தாலும் அதைக் கரையாகத்தான் பார்ப்பார்கள். அப்படி ஒரு மாஸ்டர், நான் சாப்பிடப் போயிருந்தபோது கடையில் இருந்த என் மச்சானை ஏய்த்துப் புத்தகத்தை இரவல் வாங்கிப் போய்விட்டார். பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தது, கடைசிப் பக்கம் இல்லாமல். பிளேடு போட்டு எடுத்திருந்தார்!

வயிறு எரிந்து கத்தினேன். அவர் அசரவில்லை. படத்தைப் பக்கவாட்டில் திருப்பினால் இரண்டு அன்னங்கள் கொஞ்சிக்கொண்டு நிற்கின்றனவாம். கல்யாணப் புடவைக்கு அமைப்பான கரை என்று பட்டு முதலாளி ஒப்புக்கொண்டு, தறியிலும் ஏற்றியாயிற்றாம். "ஐயா, ஒன்று நிழல். ஜோடி செத்துப்போயிற்று" என்றேன். வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டுச் சொன்னார்:

"கதையை எவன்பா உடுத்திக்கினு போறான்?"

பொங்கலுக்கு வந்தவள்

பொன்னம்மா சொன்னபடி வந்தாள். புத்தகத்தை நீட்டினேன். பிளேடு போட்ட ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். புத்தகத்தை மூடி மேஜைமேல் வைத்துவிட்டாள்.

"தெரியும்ணா. அந்தப் புடவைக்கு நான்தான் நாடா தள்ளிக்கினு இருக்கேன். பொண்ணு வூட்டுக்காரங்க வந்து பார்த்து, ஜோடி அன்னம் லட்சணமா இருக்குதுன்னு பூரிச்சுப் போயிட்டாங்க. ஒண்ணு நிழல்னு நான் வாயே தொறக்கலை. நல்ல காரியமாச்சே, என் வாயால எதுக்கு?"

அந்த வருஷம் காஞ்சிபுரத்தில் கல்யாணப் புடவைக் கரையாக அமோகமாக விற்றது என் புத்தகம்தான், கதையை மட்டும் கழித்துவிட்டுப் பார்த்தால்.